உலகச் செய்தியை வரைபடத்தோடு படிக்கப் பழக்குவது எப்படி: புவியியல் வகுப்புக்கான முழுமையான வழிகாட்டி

நாடு, தலைநகர், நாணயம் மூன்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற மாணவரிடம் "ஏமனில் நடக்கிற சண்டையால் எகிப்துக்கு ஏன் நஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. பொதுத்தேர்வில் வரைபடத்தில் இடம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவரும் இங்கே திணறுவார். ஓர் இடத்தைப் புள்ளியாகக் குறிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்; அந்தப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் என்ன போய் வருகிறது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், நூலக வாசகர் வட்டங்களில் பெரியவர்களோடு செய்தி படிப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. 2023 நவம்பரில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் தொடங்கிய செங்கடல் கப்பல் தாக்குதல்களையே முதுகெலும்பாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். பழைய செய்திதானே என்று நினைக்க வேண்டாம். பழகுவதற்கு ஓரளவு விளைவு தெரிந்த செய்திதான் நல்லது. நேற்றைய செய்தியில் தகவல் மாறிக்கொண்டே இருக்கும், வகுப்பு வதந்தியில் சிக்கிவிடும்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். "யார் பக்கம் நியாயம்?" என்ற கேள்வி முதலில் வந்துவிட்டால் அப்புறம் யாரும் வரைபடத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் உலக உருண்டை, ஒரு பள்ளி அட்லஸ், ஒரு பந்து நூல், அளவுகோல், எல்லைக்கோடு மட்டும் உள்ள வெற்று வரைபடங்கள் ஆளுக்கு இரண்டு. புரொஜெக்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

உருண்டை கட்டாயம் வேண்டும். சுவரில் தொங்கும் உலக வரைபடங்களில் பல, 1569-இல் மெர்கேட்டர் மாலுமிகளுக்காக வகுத்த முறையிலோ அதற்கு நெருக்கமான முறையிலோ வரையப்பட்டவை. திசை சரியாக இருக்கும், பரப்பளவு ஏமாற்றும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. இதைத் திருத்தாமல் தொடங்கினால், ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதென்றால் எவ்வளவு தூரம் என்பதே மாணவர்களுக்கு உறைக்காது.

ஒரு பெயர்ப் பட்டியலும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். தமிழ்ச் செய்தித்தாளில் ஓர் ஊர்ப்பெயர் ஒரு மாதிரி இருக்கும், அட்லஸில் இன்னொரு மாதிரி. ஹோர்முஸ், ஹார்முஸ்; கீவ், கியேவ்; பாப் எல் மண்டெப் என்றால் நான்கைந்து விதம். மாணவர்கள் பல நிமிடம் தேடிவிட்டு "சார், இது மேப்லயே இல்ல" என்று விட்டுவிடுவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலால்தான். செய்தியில் வரும் எழுத்துக்கூட்டலையும் அட்லஸில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும்.

இன்னொன்று: இந்தியப் பள்ளிகளில் சுவரில் ஒட்டுவதற்கும் அச்சிட்டுக் கொடுப்பதற்கும் இந்திய நில அளவைத் துறையின் எல்லைப்படி உள்ள வரைபடத்தையே பயன்படுத்துங்கள். இணைய வரைபடங்களில் காஷ்மீர் எல்லை பார்க்கும் நாட்டைப் பொறுத்து மாறுகிறது. ஏன் மாறுகிறது என்ற பேச்சு ஏழாம் படியில் உதவும்; வகுப்பின் தொடக்கத்தில் அது கிளம்பிவிட்டால் அன்றைய பாடம் அவ்வளவுதான்.

2. முதலில் இடம், அப்புறம் செய்தி

செய்தியைப் படித்துக் காட்டாதீர்கள். அதில் வரும் இடப்பெயர்களை மட்டும் பலகையில் எழுதுங்கள்: ஏமன், செங்கடல், பாப் எல் மண்டெப், சூயஸ், ஜிபூட்டி, நன்னம்பிக்கை முனை. மாணவர்களே கண்டுபிடித்து வெற்று வரைபடத்தில் குறிக்கட்டும்.

செங்கடலுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அட்லஸில் சென்னைமேல் விரலை வைத்து, அந்தக் கோட்டை விடாமல் நேராக மேற்கே நகர்த்தச் சொல்லுங்கள். பெங்களூரு, மங்களூரு, அரபிக்கடல், ஏடன். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மேற்கே போய் விரலை இம்மியளவு கீழே இறக்கினால் பாப் எல் மண்டெப் நீரிணை. எங்கோ இருப்பதாக நினைத்த இடம் நம் ஊருக்கு நேர் மேற்கே இருக்கிறது என்று தெரிந்ததும் வகுப்பில் ஒரு கவனம் வரும்.

இங்கே புதிய ஆசிரியர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, பொறுமை இழந்து தாங்களே திரையில் காட்டிவிடுவது. கண்ணால் பார்த்த இடம் அடுத்த வாரம் மறந்துபோகும். அட்சக்கோட்டையும் தீர்க்கக்கோட்டையும் பிடித்துத் தேடிக் கண்டுபிடித்த இடம் மறக்காது. தேடும் வழியில் பக்கத்து நாடுகள் கண்ணில் படுகிற லாபம் வேறு.

இடத்தைக் குறித்ததும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு கேள்வி: இதன் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது? ஜிபூட்டி என்றால் வடக்கே எரித்ரியா, மேற்கிலும் தெற்கிலும் எத்தியோப்பியா, தென்கிழக்கே சோமாலியா, கிழக்கே கடல். இந்தப் பதில்கள் பின்னால் ஒவ்வொரு படியிலும் வேலைக்கு வரும்.

3. தூரத்தை நூலால் அளக்க விடுங்கள்

உருண்டையின் நடுக்கோட்டைச் சுற்றி நூலை ஒரு சுற்றுச் சுற்றி வெட்டுங்கள். அந்த நூலின் நீளம் 40,000 கிலோமீட்டர். அளவுகோலில் வைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் அது சுமார் 425 கிலோமீட்டர்.

இப்போது மும்பையிலிருந்து லண்டனுக்கு இரண்டு கடல்வழிகளை நூலால் அளக்கச் சொல்லுங்கள். செங்கடல், சூயஸ் வழியாகப் போனால் சுமார் 11,500 கிலோமீட்டர். ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போனால் 20,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். நூல் அளவு ஐநூறு, ஆயிரம் முன்னே பின்னே இருக்கும், கவலை வேண்டாம்.

அடுத்து நாள் கணக்கு. சரக்குக் கப்பல் 15 நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 670 கிலோமீட்டர். கூடுதல் தூரம் 8,500 என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் அதிகம். தாக்குதல் தொடங்கியதும் கப்பல் நிறுவனங்கள் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை தாமதம் என்று சொன்னதற்கும் மாணவரின் நோட்டில் உள்ள கணக்குக்கும் பொருந்திப் போவதை அவர்களே பார்ப்பார்கள். எண்ணைத் தானே போட்டுப் பார்த்தவர் அதன்பிறகு செய்தியில் வரும் எண்ணை அப்படியே விழுங்க மாட்டார். இந்தப் படிக்கு ஒரு முழு வகுப்பு போனாலும் தகும்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து நீண்ட தூரத்தை அளக்க விடாதீர்கள். அது ஏன் தவறு என்று காட்ட, பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே உருண்டையில் நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் பசிபிக்கைக் குறுக்கே தாண்டாமல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் அந்த இரண்டு ஊருக்கும் இடையே வடதுருவத்துக்கு மேலேயே பறந்தது.

4. தரையும் நீரும் எப்படி இருக்கின்றன

தூரம் தெரிந்தபின் இயற்கை வரைபடத்துக்கு வாருங்கள். கேட்க வேண்டியது: இந்த இடத்தில் நிலமும் நீரும் எதை எளிதாக்குகின்றன, எதைக் கடினமாக்குகின்றன?

செங்கடல் நீண்ட, ஒடுங்கிய கடல். வடக்கே சூயஸ் கால்வாய், 193 கிலோமீட்டர், மனிதர் வெட்டியது. தெற்கே பாப் எல் மண்டெப், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம், இயற்கையானது. இரண்டில் எது அடைபட்டாலும் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலுக்கு இந்தக் கடல் பயன்படாது. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தபோது வடமுனை போயிற்று. 2023 நவம்பருக்குப் பிறகு தென்முனை. ஒரே கடல், இரண்டு வேறு வேறு காரணங்கள்.

நீரிணையின் ஒரு கரையில் ஏமனின் மலைநாடு நிற்கிறது. தலைநகர் சனா 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. மலையும் மடுவுமான நிலத்தில் ஏவுகணையையும் டிரோனையும் மறைத்து வைப்பது எளிது, வெளியிலிருந்து குண்டு போட்டு ஒழிப்பது கடினம். கப்பற்படை இல்லாத ஒரு தரப்பு எப்படி ஒரு கடல்வழியை மிரட்ட முடிந்தது என்பதற்குப் பாதி விடை இந்த நில அமைப்பில் கிடைக்கிறது.

இந்த இடத்தில் பனாமாவோடு ஒப்பிட்டால் பாடம் இன்னும் ஆழமாக இறங்கும். சூயஸ் கடல்மட்டக் கால்வாய். மதகுகள் கிடையாது, கடல்நீரே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. பனாமா அப்படியில்லை. கப்பலை மதகுகளில் நீர் நிரப்பி 26 மீட்டர் உயர்த்தி, காட்டூன் ஏரி வழியாக ஓட்டி, மறுபக்கம் இறக்குகிறார்கள். அந்த ஏரி நீர் மழைநீர். ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023-இல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது நாளொன்றுக்குக் கடக்கும் கப்பல்களை 36-இலிருந்து ஆண்டு முடிவில் 22 வரை குறைக்க வேண்டியதாயிற்று. சூயஸுக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒன்றுதான். "கால்வாய்" என்ற ஒரே பெயரில் உள்ள இரண்டும் வெவ்வேறு ஆபத்துக்கு ஆளாவதை மாணவர்களை விட்டே சொல்ல வையுங்கள்.

5. அந்த வழியே என்ன போகிறது?

தலைநகர் மனப்பாடம் செய்த நேரத்தில் பாதியையாவது இந்தக் கேள்விக்குக் கொடுத்திருந்தால் நம் பிள்ளைகள் செய்தித்தாளின் உலகப் பக்கத்தைத் தாண்டிப் போகமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது வெற்று வரைபடத்தை எடுங்கள். அதில் புள்ளி கிடையாது, அம்புக்குறி மட்டும். எண்ணெய், தானியம், கன்டெய்னர் சரக்கு, ஆற்றுநீர், மனிதர்கள், இணையத் தகவல்: ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். அம்பின் வாலில் புறப்படும் இடம், தலையில் சேரும் இடம். வெறுமனே "ஐரோப்பா" என்று எழுதினால் ஏற்காதீர்கள், எந்தத் துறைமுகம் என்று கேளுங்கள். இடம் குறிப்பாக இருந்தால்தான் மாற்று வழி உண்டா என்று பிறகு யோசிக்க முடியும்.

தாக்குதலுக்கு முன் உலகின் கன்டெய்னர் போக்குவரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு சூயஸ் வழியே போனது. அந்தக் கப்பல்கள் விலகியதும் எகிப்துக்குக் கால்வாய்க் கட்டணம் சரிந்தது: 2023-இல் சுமார் 1,000 கோடி டாலர், 2024-இல் சுமார் 400 கோடி டாலர். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். எகிப்து அந்தச் சண்டையில் ஒரு தரப்பே இல்லை. ஆனால் சுங்கச்சாவடி அதன் கையில், சாவடிக்குப் போகும் சாலை ஏமன் ஓரம்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் இணையக் கேபிள்கள் இதே செங்கடலின் அடியில் கிடக்கின்றன. 2024 பிப்ரவரியில் சில அறுந்தபோது தகவல் போக்குவரத்தை வேறு வழிகளில் திருப்பிவிட வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் வழியாகத்தான் இணையம் வருகிறது என்று நம்பும் மாணவர்கள் நிறையப் பேர். பெரும்பகுதி கடலடிக் கேபிளில்தான் வருகிறது.

வகுப்பு தொலைவாக உணர்ந்தால் சமையலறைப் பக்கம் திரும்புங்கள். 2022-இல் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதை வீட்டில் எல்லோரும் பேசியிருப்பார்கள். இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பங்கு அதற்கு முன் உக்ரைனிலிருந்து வந்தது. பிப்ரவரியில் போர் தொடங்கிக் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி மூன்று வாரம் கழித்துத் திறந்தது. உக்ரைனின் ஒடேசாவிலிருந்து பாஸ்பரஸ் நீரிணை, சூயஸ், செங்கடல் வழியாக நம் துறைமுகத்துக்கு ஓர் அம்பு; சுமத்ராவிலிருந்து இன்னோர் அம்பு. இரண்டு அம்புகளும் ஒரே நேரத்தில் மெலிந்த கதையை மளிகைச் சீட்டு சொல்லும்.

6. யார், எங்கே வாழ்கிறார்கள்?

அரசியல் வரைபடத்தில் ஒரு நாடு முழுவதும் ஒரே வண்ணம். அதனால் நாடு முழுக்க ஒரே மாதிரி மக்கள், ஒரே மனம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. மக்கள்தொகை அடர்த்தி வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் அது கலையும்.

எகிப்தில் இது பளிச்சென்று தெரியும். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் நைல் ஓரத்திலும் அதன் டெல்டாவிலும். மீதி நிலம் பாலைவனம். எத்தியோப்பியா நைலின் கிளையாறான நீல நைலில் 2011-இல் அணை கட்டத் தொடங்கியதும் எகிப்து ஏன் அவ்வளவு பதறியது என்று இந்த ஒரு வரைபடம் காட்டிவிடும். எத்தியோப்பியப் பக்கமும் பார்க்க வேண்டும்: எகிப்தை அடையும் நைல் நீரில் சுமார் 85 விழுக்காடு எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழை. ஆனால் நீரைப் பங்கிட்ட 1959 ஒப்பந்தத்தில் எகிப்தும் சூடானும் மட்டும்தான் கையெழுத்திட்டன.

ஏமனிலும் இதே வேலையைச் செய்யுங்கள். மக்கள் மேற்கு மலைநாட்டில் நெருக்கமாக வாழ்கிறார்கள், கிழக்கே பெரும்பாலும் வெற்றுப் பாலை. ஹவுதிகள் வடமேற்கில் சாதா என்ற பகுதியிலிருந்து கிளம்பியவர்கள். 2014 செப்டம்பரில் சனாவைப் பிடித்தார்கள். ஹுதைதா துறைமுகமும் அவர்கள் கையில். ஆகப் பரப்பளவில் பாதிக்கும் குறைவான நிலத்தில் நாட்டின் பெரும்பான்மை மக்கள் அவர்கள் ஆட்சியின் கீழ் வாழ்கிறார்கள். "ஏமன் தாக்கியது" என்று ஒரு மாணவர் எழுதினால் "ஏமனில் யார், எந்தக் கரையிலிருந்து?" என்று திருப்பிக் கேளுங்கள்.

7. கோடுகளைச் சந்தேகத்தோடு பாருங்கள்

எல்லைக்கோடு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: யார் போட்டது, எப்போது, கோட்டின் இரண்டு பக்கமும் உள்ளவர்கள் ஒப்புக்கொண்டார்களா?

எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் எரித்ரியா தனி நாடானதும் அது கடற்கரையே இல்லாத நாடாகிவிட்டது. பன்னிரண்டு கோடிக்கு மேல் மக்கள்; வெளிவணிகத்தின் பெரும்பகுதி ஜிபூட்டி துறைமுகம் வழியாக. தெற்கு சூடான் 2011-இல் பிரிந்தபோது எண்ணெய் வயல்களில் பெரும்பாலானவை அதன் பக்கம் வந்தன, ஆனால் எண்ணெய் வெளியேறும் குழாய் வடக்கே சூடான் வழியாகச் செங்கடல் கரைக்குப் போகிறது. சூடானில் 2023 ஏப்ரலில் மூண்ட போரின் நடுவே, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்தக் குழாய் சேதமானதும் தெற்கின் எண்ணெய் வருமானத்தில் பெரும்பகுதி நின்றுபோனது. கோடு போட்டால் பிரிந்துவிடுவது நிலம். குழாயும் ஆறும் பிரிவதில்லை.

கடலில் கோடு இருப்பதே பலருக்குத் தெரியாது, ஆகவே இதைக் கணக்காகவே சொல்லிக்கொடுங்கள். ஒரு நாட்டின் ஆட்சிக்கடல் கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். மீன், எண்ணெய் போன்றவற்றின்மேல் உரிமையுள்ள பொருளாதார மண்டலம் 200 கடல்மைல் வரை. சரி, பாப் எல் மண்டெப் 30 கிலோமீட்டர்தான் அகலம். இரு கரையிலிருந்தும் 22, 22 போனால்? ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும், நடுவில் பொதுக்கடலே மிஞ்சாது. பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையும் அதன் குறுகிய இடத்தில் 21 கடல்மைல்தான். ஈரான், ஓமான் இரண்டின் ஆட்சிக்கடலும் சேர்ந்து அதை முழுக்க மூடிவிடும். இத்தகைய நீரிணைகளில் எல்லா நாட்டுக் கப்பலும் தடையின்றிக் கடக்கலாம் என்று 1982-இன் ஐநா கடற்சட்ட உடன்படிக்கை தனியாக விதி வகுத்தது இதனால்தான்.

கரையோரப் பள்ளிகளில் இந்தக் கணக்கை விளக்கவே வேண்டியதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதனால்தான் 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் பேசி நடுவில் கோடு வகுத்தன. இதை எடுக்கும்போது ராமேஸ்வரம் மீனவரின் கைது, படகு பறிமுதல் பற்றிப் பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். இழுவைப் படகுகளால் வலையும் மீன்வளமும் இழக்கும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களையும் அதே வரைபடத்தில் காட்டுங்கள். அவர்களும் தமிழர்களே. நம் பக்கத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் இங்கே உடையாவிட்டால் ஏமன் விஷயத்திலும் உடையாது.

8. மாற்று வழி யாருக்கு உண்டு?

அம்புகளும் கோடுகளும் குறித்த பிறகு ஒவ்வோர் அம்பையும் விரலால் மறைத்து, "இது நின்றால் எந்த வழி?" என்று கேளுங்கள். உலக அரசியலில் யார் பேரம் பேசுகிறார்கள், யார் பணிந்து போகிறார்கள் என்பதில் பெரும்பங்கு இந்தப் பதிலில் இருக்கிறது.

பாரசீக வளைகுடாவை வைத்துப் பழகலாம். குவைத், கத்தார், பஹ்ரைன் மூன்றுக்கும் கடல்வழி வெளியே வர ஹோர்முஸ் ஒன்றுதான். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு ஹோர்முஸைத் தாண்டி வெளியே இருக்கும் ஃபுஜைராவுக்கு எண்ணெய்க் குழாய் இருக்கிறது. சவூதி அரேபியாவுக்குக் கிழக்கிலிருந்து மேற்கே செங்கடல் கரையில் உள்ள யான்புவுக்கு 1,200 கிலோமீட்டர் குழாய் இருக்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். யான்புவிலிருந்து இந்தியாவுக்கு வரும் எண்ணெய்க் கப்பலின் பாதையை வரையச் சொல்லுங்கள். தெற்கே திரும்பி, பாப் எல் மண்டெப் வழியாக! ஒரு நீரிணையைத் தவிர்க்கப் போட்ட குழாய் இன்னொரு நீரிணையின் வாசலில் கொண்டுவந்து விடுகிறது. இதை யாராவது ஒருவர் தானாகவே கவனித்துச் சொல்வார். அவர் சொல்லும் வரை நீங்கள் சொல்லாதீர்கள்.

வழி இருப்பது வேறு, அதில் எவ்வளவு போகும் என்பது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹோர்முஸ் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய் போன ஆண்டுகள் உண்டு, உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதை முழுக்க ஏந்தும் திறன் அந்தக் குழாய்களுக்குக் கிடையாது.

9. நிலம் முடிவெடுப்பதில்லை

இதுவரை நன்றாகச் செய்த வகுப்பு வழுக்கி விழும் இடம் இது. வரைபடம் பிடிபட்ட உற்சாகத்தில் மாணவர்கள் எல்லாவற்றுக்கும் அதையே காரணம் சொல்லத் தொடங்குவார்கள்: "அந்த நாடு அங்கே இருக்கிறது, அதனால் சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும்." தவறு. நிலம் வாய்ப்பையும் தடையையும் தருகிறது. முடிவு மனிதர்கள் எடுப்பது, அதற்குப் பொறுப்பும் மனிதர்களுடையது.

சிந்து நதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ஒப்பந்தப்படி ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965, 1971, 1999 போர்களின்போதும் அந்த ஒப்பந்தம் நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. இந்த அறுபத்தைந்து ஆண்டில் ஆறுகள் இடம் மாறவில்லை, மலை நகரவில்லை. மாறியது அரசுகளின் முடிவு.

இந்தப் படி முடிந்த பிறகே செய்தியை முழுவதும் படித்துக் காட்டி, யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்ற விவாதத்தைத் திறக்க வேண்டும். காஸா போரை முன்வைத்துக் கப்பல்களைத் தாக்குவதாக ஹவுதிகள் சொன்னார்கள். தாக்கப்பட்ட பல கப்பல்களுக்கு அந்தப் போரோடு தொடர்பில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் 2024 ஜனவரியில் ஏமனில் குண்டு வீசின. ஒவ்வொன்றிலும் மாணவர்களுக்குக் கருத்து வேறுபாடு வரும், வரட்டும். எது எங்கே நடந்தது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்களா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. எழுத வைத்துச் சோதிப்பது

வகுப்பில் தலையாட்டுவதை நம்பாதீர்கள். அட்லஸை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரு கைப்படம் வரையச் சொல்லுங்கள். கரைக்கோடு கோணலாக இருக்கலாம். எது எதற்குப் பக்கத்தில் என்பது சரியாக இருக்க வேண்டும். அதன் கீழே அரைப் பக்கத்துக்குள் மூன்று பதில்கள்: இங்கே தடைபட்டது என்ன, அதனால் முதலில் பாதிக்கப்படுவது யார், அவர்களுக்கு வேறு வழி உண்டா?

மதிப்பெண் போடும்போது இடப்பெயர்களின் எண்ணிக்கைக்குப் போடாதீர்கள். "அதனால்" என்று எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாத "அதனால்" எல்லாம் எங்கோ கேட்டதை ஒப்பிப்பது.

பெரியவர்களின் வட்டத்தில் எழுதச் சொன்னால் கூச்சப்படுவார்கள். அங்கே இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் படம் வரைய மற்றவர் வாயால் விளக்கினால் போதும்.

11. அடுத்து எடுக்க ஏற்ற செய்திகள்

செங்கடலுக்கு அடுத்ததாக நைல் அணையை எடுங்கள். 2011-இல் தொடங்கி, 2020-இல் முதன்முறை நீர் நிரப்பி, 2025 செப்டம்பரில் திறப்பு விழா நடந்தது வரை தொடக்கமும் நடுவும் தெரிந்த செய்தி. மேல்பாசன மாநிலம், கீழ்ப்பாசன மாநிலம் என்ற பேச்சைக் காவிரிச் செய்திகளில் கேட்டு வளர்ந்த நம் மாணவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

அதன்பிறகு கருங்கடல். அதன் வாயிலான பாஸ்பரஸ், டார்டனெல்ஸ் நீரிணைகள் துருக்கியின் கையில் இருப்பதையும், போர்க்கப்பல்கள் கடப்பதை 1936 மோன்ட்ரோ உடன்படிக்கை கட்டுப்படுத்துவதையும் ஏழாம் படியில் வைத்துப் பாருங்கள். 2022-இல் துருக்கி அந்த வாயிலைப் போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு மூடியது.

தைவான் நீரிணையையும் தென் சீனக்கடலையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடுகளே பல, ஒன்றை ஒன்று மறுப்பவை. 12, 200 கடல்மைல் கணக்கு கைக்குப் பழகாத வகுப்பு அதில் குழம்பிவிடும். அதை எடுக்கும் நாளில் வெற்று வரைபடம் ஆளுக்கு மூன்றாக எடுத்துப் போங்கள்.